சுண்ணாம்புக் கோட்டு வீட்டில் விழுந்த சாவு

எழுத வந்ததற்கு முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். நான்கு பேர் முன்னால் பேசச் சொன்னால் பேச்சே வராது. (இரண்டு பேர் என்றாலும் அதே கதைதான்.) ஆனால் இந்தச் சம்பவத்தை எங்கள் ஊர் பாரோயில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஒருவர் சொல்வதில் பிணம் பறக்கிறது. இன்னொருவர் சொல்வதில் பிணம் காப்பி கேட்கிறது. அதில் இரண்டாவது மட்டும் உண்மை. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தை விட்டு வந்ததிலிருந்து நாங்கள் பாரோயில் வாடகைக்கு இருந்தோம். திடீரென்று வீட்டுக்காரர், மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்று சொல்லிவிட்டார். எங்கள் வருமானத்துக்கு அந்த வட்டாரத்தில் வேறு வீடு கிடைக்காது. தூரமாகப் போனால் மகளின் பள்ளியை மாற்ற வேண்டும். என் கணவர் செல்வம் சுங்கை காடுட் தொழிற்சாலைக்குப் போய்வருவதும் கஷ்டம்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே சும்மா கிடந்த நிலத்தில் சின்ன வீடுகள் கட்டப்போவதாகப் பேச்சு வந்தது. லாலாங் புல்லும் யாரோ தூக்கிப்போட்ட சோபாக்களும் கிடந்த இடம். தனியாக இருப்பவருக்கு ஓர் அறை வீடு, எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு அறை வீடு, பெரிய குடும்பத்துக்கு மாடி வீடு என்று கலந்து, கட்டுப்படியாகும் விலையில் கட்டுவார்களாம். அக்கம்பக்கத்தார் எதிர்த்தால் நடக்காது. குடியிருப்பாளர் சங்கத் தலைவர் முனியாண்டி அண்ணன் எதிர்த்தார்.

"தோட்டத்து லய வீட்ட விட்டு ஓடி வந்தோம். இப்ப நடு வீதியில இன்னொரு லயமா? இது வீடு இல்ல லா, கோழிக்கூண்டு. உள்ள போனா திரும்பி வெளிய வர முடியாது!"

வீடுகளை வரைந்த காயத்திரி கோலாலம்பூரிலிருந்து வந்த பெண். அவள் கோபப்படவில்லை. "அங்கிள், தரையில நெஜ அளவுல சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டுறேன். ஞாயித்துக்கெழம வந்து நடந்து பாருங்க. அப்புறமா சொல்லுங்க" என்றாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "கட்டில், மேசை போட்டாத்தான் அளவு புரியும். யாராச்சும் குடுப்பீங்களா?" என்றாள். அவள் பார்வை என்மேல் விழுந்தது. நான் தலையாட்டிவிட்டேன். (பயம் வந்தால் என் தலை தானாக ஆடும். விற்க வந்தவரிடம் தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் வாங்கியதும் இப்படித்தான்.)

ஞாயிற்றுக்கிழமை காலையில் புல்லை வெட்டிய தரையில் எங்களைப் போன்றவர்களுக்கான இரண்டு அறை வீடு வெள்ளைக் கோடுகளாகக் கிடந்தது. இது வரவேற்பறை, இது சமையலறை, இவை இரண்டும் படுக்கையறைகள். வாசலுக்கு மட்டும் கோட்டில் இடைவெளி. வெயிலுக்காக மேலே சங்கத்துக் கூடாரம். வரவேற்பறை முழுக்க பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு படுக்கையறையில் எங்கள் கட்டில். வீடு கட்ட அனுமதி தரும் அதிகாரியை அழைத்துவரக் காயத்திரி காரில் கிளம்பினாள்.

இரவு வேலை முடிந்து மோட்டாரில் வந்த செல்வம் கட்டிலைப் பார்த்தார். "சும்மா அளவு பாக்குறேன்" என்று படுத்தார். அவ்வளவுதான். அவர் தூங்கினால் பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் புரண்டு படுக்கமாட்டார்.

கூடாரத்தின் ஓரமாக வெயில் முகத்தில் அடித்தது. நல்ல மனைவியாக ஒரு வெள்ளைத் துணியைத் தலை முதல் கால் வரை போர்த்திவிட்டேன். புல்லிலிருந்து கொசு கிளம்பியது. கொசுவர்த்தி தீர்ந்துபோயிருந்ததால் சாமி அறையிலிருந்த ஊதுபத்திக் கட்டைக் கொளுத்தித் தலைமாட்டில் செருகினேன். பிறகு வருகிறவர்களுக்குக் காப்பி போட வீட்டுக்குப் போனேன். (இத்தனையும் செய்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்றால் நம்புவீர்களா?)

காப்பிப் பானையோடு திரும்பி வந்தால் கூடாரம் நிறைய ஆட்கள்! வீடு பார்க்கத்தான் இவ்வளவு பேர் என்று ஒரு நிமிடம் பூரித்துப்போனேன். பாசாருக்குப் போய்வந்த அடுத்த வீட்டுப் பாக்கியம் அக்கா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். என் முகம் அவர் தோளில் புதைந்தது.

"லெட்சுமி! இப்படி அநியாயமா போயிட்டாரேடி!"

"அக்கா, அவரு உசுரோட இருக்காரு" என்றேன் தோளுக்குள்ளிருந்து.

"ஆமாண்டி, நம்ம மனசுல எப்பவும் உசுரோடதான் இருப்பாரு!"

எனக்குக் குரல் எழும்பவில்லை. எழும்பியதையும் அவர் அழுகையென்று எடுத்துக்கொண்டார். முனியாண்டி அண்ணன் வந்து என் தலையில் கைவைத்தார். "பயப்படாதம்மா. பெட்டிக்குச் சொல்லியாச்சு. எல்லாத்தையும் சங்கம் பாத்துக்கும்."

பாக்கியம் அக்கா கட்டில் பக்கம் போய் ஒப்பாரியைத் தொடங்கினார். "பீர் வாசம் அறியாத உத்தமரே!" என்றதும் பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

அந்தக் கலவரத்திலும் ஒன்றைக் கவனித்தேன். எல்லாரும் செருப்பைக் கோட்டுக்கு வெளியே கழற்றிவிட்டு, வாசல் இடைவெளி வழியாக வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். சுவரே இல்லாத வீட்டில் ஒருவர்கூடச் சுவரை மிதிக்கவில்லை. முனியாண்டி அண்ணனும்தான். இத்தனை பேர் உட்கார்ந்தும் வரவேற்பறையில் கால் நீட்ட இடமிருந்தது.

காயத்திரியும் அதிகாரியும் வந்து இறங்கினார்கள். "ஆண்ட்டி, இவ்ளோ பேரா!" என்று அவள் முகம் மலர்ந்தது. ஊதுபத்தியைப் பார்த்த அதிகாரி தலை குனிந்து நின்றுவிட்டார்.

அப்போதுதான் காப்பி வாசம் கட்டிலை எட்டியிருக்க வேண்டும். வெள்ளைத் துணி எழுந்து உட்கார்ந்தது.

"லெட்சுமி, எனக்கு ஒரு காப்பி. யாரு செத்தது?"

பாக்கியம் அக்கா ஒப்பாரியை எட்டுக்கட்டையில் அலறலாக மாற்றினார். முனியாண்டி அண்ணன் ஓடினார். அன்று அந்த வீட்டின் சுவரைத் தாண்டிப் போனவர் அவர் ஒருவர்தான். சமையலறையைக் கடந்து நேராகப் போய் லோங்காங் சாக்கடையில் ஒரு காலை விட்டார்.

சிரித்து முடிக்க வெகு நேரமானது. வந்தவர்கள் போகவில்லை. காப்பியைக் குடித்துக்கொண்டே அறை அறையாக நடந்து பார்த்தார்கள். "நல்லது கெட்டதுக்குக் கூடாரம் எங்க போடுறது?" என்று யாரோ கேட்க, காயத்திரி அங்கேயே வரைபடத்தில் வீடுகளுக்கு முன்னாலிருந்த வேலிகளை அடித்துவிட்டு, எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரே முற்றம் போட்டாள். அதிகாரி சங்கத்தின் முடிவைக் கேட்டார். எல்லாரும் முனியாண்டி அண்ணனைப் பார்த்தார்கள். உயிரோடு இருக்கிற ஆளுக்குப் பெட்டி சொன்னவர், சேற்றுக் காலோடு நின்றுகொண்டு எதை எதிர்ப்பது?

"கட்டிக்குங்க லா" என்றார். "மொதல்ல நான் அந்தப் பெட்டிக்காரனுக்குப் போன் போடணும்."

இப்போது அந்த முற்றத்தைப் பார்த்த இரண்டு அறை வீட்டில்தான் இருக்கிறோம். கணவர் பகலில் அசந்து தூங்கினால், "அம்மா, அப்பாவ எழுப்பவா, இல்ல தலைவர கூப்பிடவா?" என்று மகள் கேட்பாள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் இரவு செல்வம் வேலைக்குப் போனார். அவர் செத்துப்போனதாக யாரோ தொழிற்சாலைக்குச் சொல்லிவிட்டிருந்ததால் அன்றைக்கு அவர் இடத்தில் வேறு ஆளைப் போட்டிருந்தார்கள். வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார்.