மூன்று கடிகாரங்களும் ஒரு மீன் தொட்டியும்

"மார்ச் 11, செவ்வாய். ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். அப்பாவின் பேனா நின்றுபோனது என்னால்தான்."

வீட்டின் சின்னவள் தான் எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு, 'சின்ன' என்பதை மட்டும் அடித்தாள்.

கணினியைப் போட்டதும் கூடவே கிளம்பும் புரோகிராம்களில் பாதி தண்டச்சோறு, நிறுத்தினால் வேகம் வரும் என்று மாலை வகுப்பில் ஆசிரியை சொல்லியிருந்தார். வீட்டுக் கணினி எழுந்திருக்கப் பத்து நிமிடம் ஆகும். அப்பா வீடுகளுக்குப் பிளான் வரைபவர். காலையில் பட்டனை அழுத்திவிட்டு, அது எழும்வரை சமையலறையில் அம்மாவோடு உட்கார்ந்து டீ குடிப்பார்.

பாவம், தினமும் இவ்வளவு நேரம் வீணாகிறதே என்றுதான் அவள் நோட்டில் கோடு போட்டாள். தேவை, தேவையில்லை, சந்தேகம். சந்தேகம்தான் முதலில் நிரம்பியது.

பெயர் புரியாத ஒன்றை முதலில் நிறுத்தினாள். மறுநாள் காலை அப்பா, திரையில் கோடு இழுக்கும் பேனாவை உதறு உதறென்று உதறினார்.

"மை தீர்ந்துபோச்சாம்மா?"

"அதுல மையே கிடையாதுப்பா."

"அப்ப எனக்குத்தான் தீர்ந்துபோச்சு போல."

பதறிப்போய்ப் பேனாவின் புரோகிராமைத் திரும்பப் போட்டாள். அடுத்து நிறுத்தியதில் பிரிண்டர் வாயை மூடிக்கொண்டது. அதையும் எழுப்பிவிட்டாள். சந்தேகத்தில் மிஞ்சியவை மூன்று கடிகாரங்கள், இரண்டு வானிலை அறிவிப்புகள், மீன் நீந்தும் ஒரு தொட்டி. ஒரு வானிலை மழை என்றது. இன்னொன்று வெயில் என்றது.

"இதெல்லாம் யாருப்பா போட்டது?"

"நான் போடலம்மா. தானா முளைச்சிருக்கும்."

வியாழனன்று ஆறையும் நிறுத்தினாள். கணினி இருபது நொடியில் எழுந்து நின்றது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. டீயை மேசைக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமைக்குள் வீட்டில் பேச்சே நின்றுபோனது. அம்மா டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டுப் போவாள். அப்பா திரையைப் பார்த்தபடியே "ம்" என்பார். டீ ஆடை கட்டிக் கிடக்கும்.

வேறு எதையோ தப்பாக நிறுத்திவிட்டோமோ என்று சின்னவள் பட்டியலை மூன்று முறை சரிபார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மெல்ல சமையலறைக்குப் போனாள்.

"அம்மா, அப்பாகூட சண்டையா?"

"சண்டை போடவாவது ஆளு கிடைக்கணுமே!"

"என்னாலதானாம்மா? வேண்டாததைத்தானே நிறுத்தினேன். ஒரே நேரத்தைக் காட்டறதுக்கு மூணு கடிகாரம் எதுக்கு?"

அம்மா அடுப்பைத் தணித்தாள். வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"முதல் கடிகாரத்தை நான் போட்டப்ப, உங்கப்பா ரெண்டு நிமிஷம்தான் என்கூட உக்காந்தார். அதைப் பத்து நிமிஷமாக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சுடி."

"மார்ச் 15, சனி. நாளைய வேலை: ஆறையும் திரும்பப் போட வேண்டும். இன்னொரு மீன் தொட்டி கிடைக்குமா என்று பார்க்க வேண்டும்."