கிணற்றடியில் நீண்ட கை

சீரியல் பார்த்தால் மூளை வெந்துபோகும் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார் இஸ்திரிக்காரர். அப்பேர்ப்பட்ட மனுஷன் சீரியல் பார்ப்பாரா? பார்க்கவே மாட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு டிவிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். எதிரே பீரோக் கண்ணாடி. அதில் சீரியல் பளிச்சென்று தெரிந்தால் அதற்கு அவர் என்ன செய்வார், பாவம்!

இப்படி முதுகாலேயே மூன்று வருஷம் பார்த்த சீரியலை ஒருநாள் மத்தியானத்துக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அதுவும் எந்த இடத்தில்! சின்ன மருமகள் கிணற்றடியில் நிற்கிறாள். பின்னாலிருந்து ஒரு கை நீளுகிறது. முகம் காட்டவில்லை. 'நாளை முதல் மதியம் இரண்டரைக்கு.'

மதியம் இரண்டரைக்கு அவர் கடையில் மலைபோல் குவிந்த துணிக்கு நடுவில் அல்லவா நிற்பார்! யார் கை அது? சட்டையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் கைமடிப்பே சரியில்லை. தொழில் தெரியாத எவனோ தேய்த்தது. அந்த யோசனையில் ஒரு வக்கீல் சட்டை கருகிப்போனது.

வாய்விட்டுக் கேட்டால் மானம் போகும். வீட்டில் மனைவியிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, மத்தியானமெல்லாம் தனியா இருக்கியே, பொழுது போகுதா?"

"போகுது."

"டிவி கிவி பாப்பியா?"

"பாப்பேன். அந்த மூளை வேகுற சீரியல்தான். உங்களுக்கு எதுக்கு அது? இந்த வெங்காயத்தை உரிங்க."

உரித்தார். கண்ணில் நீர் கொட்டியது. பாதிக் கூடை தீர்ந்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"பாவங்க அந்தப் பொண்ணு. அந்த வலது கை மெதுவா வந்து..."

"வலது கையா? இடது கைடி! மோதிரம்கூட இருந்துச்சே!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார். கண்ணாடியில் இடம் வலமாக மாறித் தெரியும் என்று அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்?

அவள் சிரிக்கக்கூட இல்லை. "தெரியும்ங்க. தினமும் சீரியல் போடறதுக்கு முன்னால அந்தக் கண்ணாடியைத் தொடச்சு வெச்சது யாருன்னு நெனச்சீங்க?"

அதற்கப்புறம் என்ன ஒளிவு மறைவு! தினமும் சாயங்காலம் அவள் கதை சொன்னாள். அவர் வேலை பார்த்தார். பாத்திரம் துலக்கினால் முழங்கை தெரியும். பரணைச் சுத்தம் செய்தால் தோள் தெரியும். ஜன்னலெல்லாம் துடைத்த அன்றுதான் முகம் தெரிந்தது. செத்துப்போனதாக எல்லோரும் நம்பிய மூத்த மருமகள், ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு! இவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. மாமியாருக்கு ஒரு குரல், அந்தக் குடும்பத்து வக்கீலுக்கு ஒரு இருமல் என்று கரண்டியும் கையுமாக அவள் நடித்துக் காட்டும்போது டிவி எதற்கு?

வெட்கத்தை விட்டுக் கடையிலேயே புகழ ஆரம்பித்துவிட்டார். "மத்தியானத்துக்கு மாத்தினப்புறம்தான் கதையே சூடு பிடிச்சிருக்கு. எழுதுறவன் மனுஷனே இல்ல!"

யூனிஃபார்ம் வாங்க வந்த நர்ஸம்மா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "எது, அந்தக் கிணத்தடி சீரியலா? மாத்தின மறுவாரமே நிறுத்திட்டாங்களேண்ணே, ஒரு மாசம் ஆச்சு! அது வேலைக்காரன் கை. அந்தப் பொண்ணு வழுக்கி விழுந்துடப் போறாளேன்னு பிடிச்சான். அதோட சுபம் போட்டுட்டாங்க."

இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

"ஏம்மா! சீரியல் நின்னு ஒரு மாசம் ஆச்சாமே!"

"ஆமா. அவங்களுக்குச் சொல்லத் தெரியல, விட்டுட்டாங்க."

"அப்ப அந்த மூத்த மருமக?"

"நான்தான் கூட்டிட்டு வந்தேன். அவ இல்லாம அந்த வீட்டை யாரு திருத்தறது?"

துலக்கிய பாத்திரம், ஏறிய பரண், துடைத்த ஜன்னல் எல்லாம் கண்முன்னால் வந்து நின்றன. கோபம் தொண்டைவரை ஏறியது. வாயைத் திறந்தார்.

"சரி... நேத்து பூட்டின ரூமுக்குள்ள இருமல் சத்தம் கேட்டுச்சே, அது யாரு?"

"சொல்றேன். பக்கத்து வீட்டு அக்காவும் கேக்க வர்றாங்களாம். அவங்க வீட்டு ஒட்டடையைக் கொஞ்சம் அடிச்சுக் குடுத்துட்டு வந்துடுங்க."

இஸ்திரிக்காரர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டார்.

"ஒட்டடைக் கொம்பு அவங்ககிட்டயே இருக்கா, நம்மளதை எடுத்துட்டுப் போகணுமா?"