ரிங்லெட் கடைத்தெருவில் வெள்ளைப் பேய்

தேயிலைத் தோட்டத்துத் துரைக்கே தலை வணங்காதவன் நான். புரட்டாசிக்கா வணங்குவேன்?

மாதம் முழுவதும் வீட்டில் கறி கிடையாது என்று பாஞ்சாலை அறிவித்த அன்றே போராட்டத்தைத் தொடங்கினேன். ரகசியப் போராட்டம்தான். மனைவியை எதிர்த்துப் பகிரங்கமாகப் போராட எந்தச் சங்கமும் எனக்குப் பயிற்சி தரவில்லை.

விடியற்காலைப் பனியில் ரிங்லெட் டவுனில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைக்குப் போவேன். பரோட்டா மாதிரி ரொட்டி சானாய், ஆட்டுக்கறி. ஆள் தெரியக்கூடாது, சட்டையில் வாசம் ஏறக்கூடாது. அதனால் தேயிலைக்கு மருந்து அடிக்கும்போது போடும், முக்காடு வைத்த வெள்ளை அங்கி. கீழே கறுப்பு பூட்ஸ். எத்தனை வேலைநிறுத்தம் நடத்திய மூளை!

ஒரு வாரம் வெற்றி. பிறகு ஒரு காலை, எங்கள் லயத்து வரிசையில் பக்கத்து வீட்டு நவமணி மூச்சிரைக்க எங்கள் சமையலறைக்குள் ஓடி வந்தாள்.

"அக்கா, டவுன்ல பேய்லா! வெள்ளையா, கால் இல்லாம பனியில மெதக்குது. மொத பஸ்ஸுக்கு நின்னேன், என் பக்கத்துல வந்து ஏப்பம் விட்டிச்சு!"

"ஏப்பமா?"

"ஆட்டுக்கறி ஏப்பம்க்கா!"

ஏப்பம் என்னுடையதுதான். பாஞ்சாலை பருப்பைக் கடைந்துகொண்டே என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, பேயே இல்லைன்னு மேடைக்கு மேடை கத்துனீங்களே. இது என்னாவாம்?"

"பேயாவது பிசாசாவது! எவனோ மனுசன்."

"மனுசனா? அப்ப நாளைக்கு லயத்து ஆளுங்க கம்போட நின்னு புடிக்கட்டும். புரட்டாசியில திருட்டுக் கறி தின்னுட்டு பொம்பளைங்கள மெரட்டுறவன் யாருன்னு பாத்துடலாம்லா."

ஒரு பக்கம் நாற்பது வருடக் கொள்கை. இன்னொரு பக்கம் என் முதுகு.

"இல்ல... சில நேரம்... பேயா கூட இருக்கலாம்."

"சத்தமா சொல்லுங்க. நவமணிக்குக் கேக்கல."

"பேய் இருக்கு!"

மத்தியானத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒரு காலத்தில் என்னோடு சங்கத்தில் முழங்கிவிட்டு, இப்போது கோயில் கமிட்டியில் மாலை வாங்கும் தோழர்கள் வந்து கைகுலுக்கினார்கள். பேயை ஓட்ட முனியாண்டிக்குப் பூசை வைத்து, தேங்காய் உடைக்க என்னையே நிறுத்தினார்கள். உடைத்தேன். என்ன கைதட்டல்! உரிமைக்காக நான் தொண்டை கிழியப் பேசியபோது இதில் பாதிகூட விழுந்ததில்லை.

வீடு திரும்பினால், துவைத்த வெள்ளை அங்கியைப் பாஞ்சாலை பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தாள். மேசையில் பூசணிக்காய் சாம்பார்.

"சாப்பிடுங்க. மாமாக் கடையிலயும் சொல்லிட்டேன், இனிமே பேய் வந்தா டீ மட்டும் குடுக்கச் சொல்லி."