அப்பா சட்டையில் குத்திய சொல்

பெருமதிப்பிற்குரிய அத்தை அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தம்பி மகன் வாலு பணிவோடு அறிவிப்பது யாதெனில்: நம் வீட்டுக் குளியலறையில் நெடுங்காலம் சேவையாற்றிய பல்பு ஓய்வு பெற்றது. அதன் இடத்தில் லாரி விளக்கு மாதிரி ஒன்று பதவியேற்றிருக்கிறது. அடுக்களை, மாடிப்படி எங்கும் இதே ஆட்சி மாற்றம்தான். பூச்சிகள் குடும்பத்தோடு வந்து வாழ்த்திவிட்டுப் போகின்றன. மற்றபடி அனைவரும் நலம், அப்பாவின் கண்ணைத் தவிர.

பெயிண்ட் கடையில் கலர் கலக்கும் அப்பாவுக்குக் கொஞ்ச நாளாக வெள்ளை எல்லாம் மஞ்சளாகத் தெரிய, அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு டப்பாவிலும் நீலத்தைக் கூடுதலாக விட்டுவந்திருக்கிறார். ஒரு வாடிக்கையாளர் கடைக்கே வந்து, "பால் வெள்ளை கேட்டா சுவருக்குச் சொட்டு நீலம் போட்டுக் குடுத்திருக்கீங்க, நான் அதைக் காயப்போடணுமா?" என்று கேட்டுவிட்டார். "எல்லாம் மங்கலா இருக்குடா" என்றார் அப்பா. தமிழ் தெரியாத டாக்டர்கள் நடத்தும் கண் முகாமுக்கு அழைத்துப்போனேன். நம் வீட்டு இங்கிலீஷ் துரை நான்தானே. அங்கே வாசலிலேயே தமிழ் தெரியாத நர்ஸ் ஒருவர் உட்கார்ந்து, கண்ணுக்கு என்ன குறை என்று கேட்டு, ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லைச் சீட்டில் எழுதிச் சட்டையில் குத்திவிடுவார். அந்தச் சொல்தான் தலையெழுத்து. 'பிளர்' என்றால் கண்ணாடி வரிசை, 'கிளவுடி' என்றால் ஆபரேஷனுக்குப் பரிசோதிக்கும் வரிசை, 'டிம்' என்றால் சத்து மாத்திரையும் 'நல்ல வெளிச்சத்தில் வேலை செய்யுங்கள்' என்ற உபதேசமும்.

நாம் எல்லாவற்றையும் மங்கல் என்று ஒரே போர்வையில் போர்த்திவிடுகிறோம், அத்தை. இங்கிலீஷ்காரர்கள் அப்படி விடுவதில்லை. கரண்ட் குறைந்து டியூப்லைட் அழுதுவடிந்தால் அது டிம். காயாத பெயிண்டில் கை இழுத்துக் கோடு கலைந்தால் பிளர். தூரத்துக் கட்டடம் புகைக்குப் பின்னால் நிற்பதுபோல் இருந்தால் ஹேஸி. பிரஷ் கழுவிய வாளித் தண்ணீர் மர்க்கி. நல்ல தண்ணீரில் வெள்ளை பெயிண்ட் ஒரு சொட்டு விழுந்து பரவினால் கிளவுடி. அப்பாவின் கண் அந்தக் கடைசி ரகம். இவ்வளவும் அறிந்த நான், நாக்கைச் சுழற்றி "கிளவுடி" என்றேன். அந்த நர்ஸின் காது என்ன கம்பெனித் தயாரிப்போ, 'டிம்' என்று எழுதிக் குத்திவிட்டார்.

உபதேசப்படி வீடெல்லாம் பல்பு மாறியது. கலக்கும் மேசைக்கு மேலும் அப்பா ஒரு பெரிய விளக்கை மாட்டினார். வெளிச்சம் கூடக் கூடக் கண் கூசி, இருந்த பார்வையும் போய், அடுத்த டப்பா இன்னும் நீலம். முதலாளி வந்து பார்த்தார். "அண்ணே, நாளையிலேர்ந்து குடோனைப் பாத்துக்கங்க. டப்பா தூக்கக் கண்ணு வேணாம்" என்றார். எல்லோர் முன்னாலும்தான் சொன்னார். கூட நின்றவர்கள் சிரித்தார்களாம். அன்று வீட்டுக்கு வந்த அப்பா, "குடோன்ல நல்லாக் காத்து வருது" என்றார். "காத்து வாங்கவா இத்தனை வருஷம் கலர் படிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு அம்மா உள்ளே போனாள். அத்தனை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமையோடு முகாம் முடிகிறது. அதற்குள் சீட்டு மாறாவிட்டால் அப்பாவுக்குக் குடோன்தான். ஆபீஸில் நாள் முழுக்க இங்கிலீஷில் கடிதம் அடிக்கும் நீங்கள் ஒருநாள் லீவு போட்டு வந்து, அந்த நர்ஸை அதே பாஷையில் நாலு வாங்கு வாங்க வேண்டும்.

மாமாவுக்கு வணக்கம், குட்டிக்குக் கன்னத்தில் ஒரு கிள்ளு. "அக்காவுக்குச் சொல்லாதடா, பயந்துடுவா" என்று அப்பா உத்தரவு. ஆகவே இந்தக் கடிதத்தை நீங்கள் படிக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாலு

பி.கு.: நர்ஸைத் திட்ட வேண்டாம். 'டிம்' என்று சொன்னது நான்தான். அவருக்கே சந்தேகம் வந்து, அப்பாவின் கண்ணை உற்றுப் பார்த்து, "கிளவுடி?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாது என்று காட்டிக்கொள்ள மனமில்லாமல், "நோ, நோ, டிம்" என்று அடித்துச் சொன்னேன். மேலே அளந்ததெல்லாம் நேற்று அகராதியில் பார்த்தது. வரிசையில் நின்றபோது அப்பா பக்கத்து ஆளிடம், "நம்ம பையன்தான், இங்கிலீஷ்ல வெளுத்துக் கட்டுறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை நீங்கள் பேசுங்கள், அத்தை. நான் வாயைத் திறக்கமாட்டேன்.