புது மாடல் வரட்டும்

மங்களத்தின் முந்தானை கியர் கம்பியில் மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்கப் போய் முழங்கை ஹாரனில் பட, சிம்பாங் பூலாய் பாசாரில் காய்கறி வாங்க நின்றிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவா ஏறக் கூடாதா?" என்றார் வெளியே நின்ற கனகராஜ்.

"மெதுவாவா? அந்தப் பக்கம் ஒரு கதவு இருக்கு. கதவுன்னா தொறக்கணும். நீங்க உக்கார்ற பக்கமா ஏறி, கியரத் தாண்டி, அந்தப் பக்கம் போய் விழுறதுக்கு நான் என்ன சர்க்கஸ்காரியா?"

"கொஞ்ச நாள்தான் மங்களம். புது மாடல் வரட்டும்."

இந்தக் 'கொஞ்ச நாள்' தொடங்கி மூன்று வருடம் ஆகிவிட்டது.

கனகராஜும் மங்களமும் மலேசியாவில் ஈப்போ பக்கத்துக் கோப்பெங்கில் விருந்துச் சமையல் செய்கிறார்கள். அதாவது மங்களம் சமைப்பாள், கனகராஜ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். வண்டி பதினான்கு வருடத்துப் பிக்கப். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் குண்டான்கள் வைக்கத் திறந்த தட்டு. எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த கனகராஜுக்கு அது எப்போதும் 'ஃபோர் வீல்'தான்.

பணம் ஒரு பிரச்சினையே இல்லை. அவருடைய கொள்கைதான் பிரச்சினை. புது மாடல் வந்த வருடம், "மொத வருஷத்து வண்டில கோளாறு இருக்கும்லா, யாராவது ஓட்டிப் பாக்கட்டும்" என்பார். கோளாறெல்லாம் சரியான பிறகு, "இப்ப வாங்குனா அடுத்த வருஷமே பழசாயிரும், அதுக்கடுத்தது வருதாம்" என்பார். கணக்குப் பார்த்தால் உலகத்தில் எந்த வருடமும் வண்டி வாங்க ஏற்ற வருடம் இல்லை. இன்னும் வராத வண்டியின் டயர் அளவுகூட அவருக்கு மனப்பாடம். மனைவிக்கு வலிப்பது வலது முட்டியா இடது முட்டியா என்பதில் மட்டும் கொஞ்சம் குழப்பம்.

அன்று சாயங்காலம் கண்ணம்மை ஆச்சி ஈப்போவிலிருந்து போன் செய்தார். அவருடைய மகள் கல்யாணத்துக்கு எண்ணூறு பேருக்குச் சாப்பாடு, மங்களத்திடம்தான் கொடுத்திருந்தார். போன வருடம் அவர் வீட்டு விசேஷத்தில் வண்டி நடு ரோட்டில் படுத்துக்கொண்டதால், பாயசம் சாப்பிட்டு முடித்தவர்களுக்கு அதற்கப்புறம் ரசம் ஊற்றப்பட்டது. ஈப்போவில் இன்னும் அதைப் பேசிக்கொள்கிறார்கள்.

"மங்களம், உன் கைப் பக்குவத்துக்காகத்தான் மறுபடியும் குடுத்தேன். ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு எல்லாம் டேவான் மண்டபத்துல இருக்கணும். இந்தத் தடவையும் பாயசத்துக்கு அப்புறம் ரசம் வந்துச்சு, அப்புறம் நான் வேற ஆளப் பாத்துக்குவேன். நான் பாத்தா ஊரே பாக்கும்."

போனை வைத்த மங்களம் கணவரைப் பார்த்தாள். பேசவில்லை. அவள் பேசினால் கனகராஜ் பதில் பேசுவார். பேசாவிட்டால் பயப்படுவார்.

மறுநாள் காலையிலேயே இருவரும் ஈப்போவில் தெரிந்த பையன் தனேஸ்வரன் வேலை பார்க்கும் வண்டிக் கடையில் நின்றார்கள்.

"அண்ணே, இப்ப இருக்கிற மாடல்ல ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம்," என்றான் தனேஸ்வரன். "வெள்ளை. வெள்ளிக்கெழம சாவி கையில. இத விட்டா மூணு மாசம் ஆகும்லா."

மங்களம் இடது பக்கக் கதவைத் திறந்தாள். மூடினாள். மறுபடியும் திறந்தாள். ஏழெட்டுத் தடவை அதையே செய்தாள். அந்த முகத்தைக் கனகராஜும் பார்த்தார். மூன்று வருடமாக ஒரு கதவுக்கு ஏங்க வைத்துவிட்டோமே என்று முதல் முறையாக வெட்கப்பட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

புதன்கிழமை கல்யாணத்துக்குக் காய்கறி எடுக்கக் கேமரன் மலைக்குப் போக வேண்டும். பழைய வண்டியில் மங்களத்துக்கு அதுதான் கடைசிப் பெரிய பயணம். கடைசித் தடவையாவது அவள் கதவு வழியாக ஏறட்டும் என்ற நல்ல மனசோடு கனகராஜ் சுத்தியலை எடுத்தார்.

ஆறாவது அடியில் கதவு திறந்துவிட்டது.

"பாத்தியா," என்றார்.

மங்களம் மகாராணி மாதிரி ஏறி உட்கார்ந்தாள். கனகராஜ் கதவை மூடினார். மூடவில்லை. இனிமேல் அது மூடப் போவதும் இல்லை.

கயிறு எடுத்து, கதவின் உள்கைப்பிடியில் கட்டி, சீட்டுக் காலில் இழுத்து முடிந்தார். கதவு விழாமல் நின்றது, ஆனால் நான்கு விரல் அளவுக்குச் சந்து இருந்தது. கேமரன் ரோட்டில் மழை இல்லாத நாள் ஏது? பாதி வழியில் மங்களம் தொப்பலாக நனைந்துவிடுவாள்.

கொட்டகையில் போன வருடத்துக் கோயில் திருவிழாப் பேனர் சுருட்டி வைத்திருந்தது. சாமி படம் போட்டதைக் குப்பையில் போட முடியாது என்று கோயில் ஆட்கள் இவரிடம் தள்ளிவிட்டிருந்தார்கள். அதை எடுத்துக் கதவின் மேல் பிடித்தார்.

"முருகன் மூஞ்சில சேறு அடிக்கப் போறீங்களா?" என்றாள் மங்களம்.

திருப்பினார். முருகன் உள்பக்கம், வெள்ளைப் பின்பக்கம் வெளியே. பேனர் இருபது அடி நீளம். கதவுக்கு நான்கடி போதும்.

"கத்தரிக்கோல் எங்க?"

"சாமிய வெட்டப் போறீங்களா?"

வெட்டவும் கூடாது. எனவே மிச்சப் பேனர் கதவிலிருந்து கிளம்பி, பானட்டைச் சுற்றி, அந்தப் பக்க மட்கார்டு வரை போனது. காற்றில் படபடக்காமல் இருக்கக் கறுப்பு டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார். ஒரு டேப் போதவில்லை, நான்கு ஆனது. பேனரை மடித்து விளக்குக்குக் கீற்று மாதிரி இரண்டு இடைவெளி, இன்ஜினுக்குக் காற்றுப் போக ஒரு சந்து, அவ்வளவுதான் விட்டுவைத்தார். உள்ளே பேனர் சுருண்டு பானட் மேல் மேடு தட்டியிருந்தது.

போனார்கள், முட்டைக்கோசும் கேரட்டும் ஏற்றினார்கள், வழியில் வாழைப்பழம் பொரித்த பீசாங் கோரெங் வாங்கிக்கொண்டார்கள், மழையிலும் மூடுபனியிலும் பத்திரமாகத் திரும்பினார்கள். மங்களம் நனையவே இல்லை. பேனரைக் கழற்றி, துடைத்து, மடித்துக் கொட்டகையில் வைத்த கனகராஜ், தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு அந்த விஷயத்தை மறந்தும் போனார்.

வியாழக்கிழமை காலை தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடுக்கடுக்காகச் சத்தம் போட்டது. 'பேராக் ஃபோர் வீல் சொந்தங்கள்' வாட்சாப் குழுவில் ஒரு படம் வந்திருந்தது. கேமரன் ரோடு, மூடுபனி, வளைவில் இறங்கி வரும் ஒரு பிக்கப். உருவம் தெரியாதபடி கறுப்பு வெள்ளையாக மூடியிருந்தது. கீழே, 'அடுத்த மாடல். ரகசியச் சோதனை ஓட்டம். இங்கேயே மாட்டிக்கொண்டது' என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

விற்பனைக்கு வராத வண்டியைக் கம்பெனிக்காரர்கள் இப்படித்தான் மூடி ஓட்டிப் பார்ப்பார்கள் என்பது கனகராஜுக்குத் தெரியும். மூன்று வருடமாக அவர் காத்திருந்தது இதற்குத்தான்.

குழுவில் விவாதம் சூடு பறந்தது.

'விளக்கப் பாருங்க, கோடு மாதிரி. புது டிசைன்.'

'கதவுக் கைப்பிடிய காணோம். உள்ள மறைச்சிட்டான்.'

'பானட் எம்புது. பெரிய இன்ஜின் போல.'

கனகராஜும் தன் பங்குக்கு, 'பனியிலயும் என்ன கம்பீரமா இருக்கு. வாங்குனா இதத்தான் வாங்கணும்' என்று எழுதினார். முப்பது பேர் அதற்குக் கட்டைவிரல் காட்டினார்கள். அந்த முப்பது விரல்தான் அவரைத் தூக்கிவிட்டது. தனேஸ்வரனைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த வெள்ளை வண்டி வேணாம். வேற யாருக்காவது குடுத்துரு."

"அண்ணே, அக்காகிட்ட கேட்டீங்களா?"

"நான்தான கையெழுத்துப் போட்டேன்? நான்தான் வேணாங்கிறேன்."

"ஞாயித்துக்கெழம கல்யாணச் சாப்பாடுன்னு சொன்னீங்களே?"

"ஒரு தடவைக்குப் பழசு தாங்கும்லா."

மங்களத்திடம் சொல்ல நாக்கு எழவில்லை. வெள்ளிக்கிழமை, "இன்னிக்கு நாள் சரியில்ல, நாளைக்கு எடுக்கலாம்" என்றார். சனிக்கிழமை, "நம்பர் பிளேட் இன்னும் வரல" என்றார். மங்களம் நம்பினாள். பூசைக்கு வாங்கிய மாலையைத் தண்ணீர் தெளித்துக் குளிர்பெட்டியில் வைத்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் கனகராஜ் வேறு அறைக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணூறு பேர் சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு பழைய ஃபோர் வீல் புறப்பட்டது. சிம்பாங் பூலாய் சிக்னலில் ஒரு இருமல் இருமியது. பிறகு படுத்துவிட்டது. மணி பத்து.

கனகராஜ் பானட்டைத் திறந்து பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார். மங்களம் ரசக் குண்டானின் மூடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

பின்னால் வந்த வெள்ளைப் பிக்கப் ஓரம் கட்டியது. மாலை, சந்தனம், டயரடியில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் விதைகூட இன்னும் போகவில்லை. இறங்கியவர் தர்மா, ஈப்போவில் விருந்துச் சமையல் செய்பவர், இவர்களுக்குப் போட்டி.

"அக்கா, என்ன ஆச்சு? எல்லாத்தையும் என் காடில மாத்துங்க. இன்னிக்கு எனக்கு வேல இல்ல."

குண்டான்கள் மாறின. மங்களம் இடது கதவைத் தொட்டாள். அது திறந்தது. அப்படியே நின்றாள்.

"தர்மா, இது தனேஸ்வரன் கடை வண்டியா?"

"ஆமாக்கா. கடைசி வண்டி. யாரோ கிறுக்கன் கையெழுத்துப் போட்டுட்டு வேணாம்னுட்டானாம். வியாழக்கெழம மத்தியானமே எடுத்துட்டேன்."

கனகராஜ் சிக்னல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். மங்களம் முன்னால் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள், கனகராஜ் பின்தட்டில் குண்டான்களோடு ஏறினார்.

சாப்பாடு பத்தே முக்காலுக்கு டேவானில் இருந்தது. ரசத்துக்கு அப்புறம்தான் பாயசம். பந்தி முடிந்ததும் கண்ணம்மை ஆச்சி சமையல் கட்டுக்கு வந்தார்.

"சாப்பாடு நேரத்துக்கு வந்துச்சு மங்களம். ஆனா தர்மா வண்டில வந்துச்சு. அடுத்த மாசம் மாப்ள வீட்ல வரவேற்பு. யாருக்குக் குடுக்கிறதுன்னு நீயே சொல்லு."

மங்களம் தலையைக் குனிந்துகொண்டாள். இருபது வருடம் அடுப்படியில் வெந்து சேர்த்த பேர் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. கனகராஜால் தாங்க முடியவில்லை. முன்னால் வந்தார்.

"ஆச்சி, தப்பு என்னோடது. அவ சமையல்ல ஒரு கொறையும் இல்ல. அந்த வெள்ளை வண்டிய வேணாம்னு சொன்ன கிறுக்கன் நான்தான். ஆனா காரணம் இருக்கு. மங்களம், நீயும் கேளு. சீக்கிரமே இதவிட நூறு மடங்கு நல்ல வண்டி வருது. எனக்காக இல்ல, உன் முட்டிக்காகத்தான் விட்டேன். நீயே பாரு."

போனை நீட்டினார். மங்களம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

"பாக்கத் தெம்பாத்தான் இருக்கு," என்றாள். "கதவு தொறக்குமா?"

"பட்டன அமுக்குனா தானா தொறக்கும்லா."

"கியரத் தாண்ட வேணாமே?"

"வேணவே வேணாம்."

மங்களம் பெருமூச்சு விட்டாள். "சரி விடுங்க. மூணு வருஷம் பொறுத்தாச்சு. இவ்வளவு நல்ல வண்டின்னா இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். ஆச்சி, வரவேற்புக்கு வாடகை வண்டி எடுத்தாவது நேரத்துக்கு வந்துர்றேன்."

கனகராஜுக்கு உயிர் திரும்பி வந்தது. மனைவியின் கையை அத்தனை பேர் முன்னாலும் பிடித்துக்கொண்டார்.

"எங்க, நானும் பாக்கிறேன்," என்று கண்ணம்மை ஆச்சி போனை வாங்கினார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

"ஏன் மங்களம், இந்தப் புது மாடலுக்குள்ள உக்காந்து பீசாங் கோரெங் சாப்பிடறது நீதானே?"