விமானம் விற்பனைக்கு இல்லை

மவுன், போட்ஸ்வானா
ஞாயிறு, பூசை முடிந்து வந்தபின்

மசாகாவில் வாழைத்தோட்டமும் கோழிகளும் சூழச் சீரோடு வாழும் மூத்த சகோதரி நாபோசா அவர்களுக்குத் தம்பி செம்பாலா பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் மருமகன் முகீபியும் கர்த்தர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கே தங்கள் முழங்கால், தங்கள் கோழிகள், கூரையில் ஒழுகிய இடம் எல்லாம் சுகப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

தாங்கள் அனுப்பிய குரல்பதிவு வந்து சேர்ந்தது. முதலில் நான் கேட்டேன், பிறகு முகீபி கேட்டான். அவன் சத்தமாக வைத்ததால் வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மா திரோவும் கேட்டார். அந்த அம்மாளுக்கு நம் லுகாண்டா மொழியில் ஒரு சொல் தெரியாது. ஆனாலும், "உங்க அக்காவா வாத்தியாரே? நல்லா மூச்சுப் பிடிச்சுத் திட்டுறாங்க" என்று பாராட்டினார். தாங்கள் சொன்னதன் சாரம் எனக்குப் புரிந்தது. சம்பந்தம் பேசப் போன இடத்தில் நான் மாப்பிள்ளைக்குத் தகப்பன் மாதிரி நடக்காமல் பருந்து மாதிரி நடந்து காரியத்தைக் கெடுத்தேன்; அந்தப் பறக்கும் தகரத்தை விற்கிற வரைக்கும் தாங்கள் கல்யாணத்துக்கு வரப்போவதில்லை. முகீபி பாதியைச் சொல்லிவிட்டு மீதியைச் சொல்வதற்குள் தொலைபேசியில் காசு தீர்ந்துபோனதால் வந்த வினை இது. மீதியை நான் எழுதுகிறேன். மரியாதையாகத்தான் தொடங்கினேன் அக்கா, ஆனால் 'தாங்கள்' என்று எழுதினால் எனக்குப் பேனா நகரமாட்டேன் என்கிறது. இனி நீ என்றே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விமானம் விற்பனைக்கு இல்லை. வெட்டுக்கிளிக் காலத்தில் இறக்கையைப் பிய்த்து வறுத்துத் தின்கிற ஊரில் பிறந்தவன் இறக்கைக்கு நடுவில் போய் உட்காரலாமா என்று கேட்டாய். கேள்வி நியாயம்தான். ஆனால் நான் இந்த ஊருக்கு வேதியியல் வாத்தியாராக வந்தபோது எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும். முகீபியின் அம்மா போய்ச் சேர்ந்து மண் காயவில்லை, கைக்குழந்தையை உன் மடியில் போட்டுவிட்டு வந்தவன். இங்கே வாழைக்காய் கிடையாது, மழை கிடையாது, தெரிந்த முகம் ஒன்று கிடையாது. கடையில் போய் "தீப்பெட்டி" என்றேன், கடைக்காரி என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். முதலில் வணக்கம் சொல்லி, எப்படி விடிந்தது என்று விசாரித்து, அவள் விசாரித்ததற்கும் பதில் சொன்ன பிறகுதான் இங்கே தீப்பெட்டி வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த நாட்களில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த விமான நிலையத்தின் வேலியைப் பிடித்துக்கொண்டு சாயங்காலங்களில் நிற்பேன். சின்னச் சின்ன விமானங்கள் மேலே போகும், வரும். ஒரு நாள் ஒருவர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். மேலே போனதும் ஆறு, நாணல், யானை, மாடு எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தது. அன்றைக்குத்தான் அக்கா, இது நான் இருக்கக்கூடிய ஊர் என்று எனக்குத் தோன்றியது. அப்புறம்தான் முகீபியை உன்னிடமிருந்து அழைத்து வந்தேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பறக்கப் படித்தேன், முகீபியைவிட வயதில் மூத்த ஒரு நாலு இருக்கை விமானத்தை வாங்கினேன். மற்றவர்கள் சீட்டாடுகிறார்கள், குடிக்கிறார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மேலே போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன். இதில் குடும்ப மானம் எங்கே போயிற்று?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெண் போனோலோவின் ஊர் லெத்லாகா, ஆற்றுக்கு அந்தப் பக்கம். வண்டியில் சுற்றிப் போனால் மணலில் ஒரு பகல் முழுக்க அரைபட வேண்டும், விமானத்தில் போனால் ஒரு தேநீர் ஆறுவதற்குள் போய்விடலாம். இங்கே பெண் கேட்கப் போவது மாப்பிள்ளையின் வேலை இல்லை. பெரியப்பா, சித்தப்பா, அத்தை எல்லாம் போக வேண்டும், பொழுது விடியும்போதே வாசலில் நிற்க வேண்டும், ஆண்கள் கோட்டுப் போட்டிருக்க வேண்டும், பெண்கள் தோளில் சால்வை போர்த்தியிருக்க வேண்டும். எனக்கு இங்கே ஏது அண்ணனும் அக்காவும்? பக்கத்து வீட்டு ரா திரோவை அண்ணனாகவும், அவர் மனைவி மா திரோவை உன் இடத்திலும் கடன் வாங்கினேன். உன் இடத்தை நிரப்ப இரண்டு மா திரோ வேண்டும், ஆனால் எடைக் கணக்குப் பார்த்தால் விமானம் ஒன்றைத்தான் தாங்கும். இருட்டில் அந்த ஊர் ஓடுதளத்தில் இறங்க முடியாது என்பதால் வெளிச்சம் வந்த பிறகே கிளம்பினோம். "விடியலுக்குப் போகவேண்டியவங்க வெயிலுக்குப் போறோம், அவங்க சிரிக்கப் போறாங்க" என்று மா திரோ வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். ரா திரோ தன் புதுத் தொப்பிக்குள் முகத்தை வைத்திருந்தார். இறங்கும்போது அந்தத் தொப்பியை இனித் தலையில் வைக்க முடியாத நிலை.

லெத்லாகா ஓடுதளம் என்பது புல் செதுக்கிய ஒரு நீளமான மண் தரை. நான் போய்ச் சேர்ந்தபோது அது நிறைய மாடு. இது இங்கே பறக்கிற எல்லோருக்கும் பழக்கமான சங்கதிதான். ஆடோ மாடோ நின்றால் ஒருமுறை தாழப் பறந்து சத்தம் காட்டுவோம், அவை விலகும், திரும்பி வந்து இறங்குவோம். நானும் அப்படித்தான் செய்தேன். விலகின, ஆனால் திரும்பவும் வந்து நின்றுகொண்டன. நான் இன்னும் தாழ வந்தேன். மறுபடியும் நின்றன. எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். அடுத்த தடவை நான் வந்த வரவில் வாலைத் தூக்கிக்கொண்டு மொப்பானி மரக் காட்டுக்குள் ஓடின பார், ஒன்றுகூட மிச்சமில்லை. அதற்குப் பிறகு நான் இறங்கியது என் வாழ்நாளிலேயே அழகான இறக்கம். தரை தொட்டதே தெரியவில்லை என்று மா திரோவே சொன்னார். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார் என்பது வேறு.

பெண் வீட்டு வாசலில் முறைப்படி காத்திருந்தோம். முறைப்படி அவர்களும் எங்களைப் பார்க்காதமாதிரி இருந்தார்கள். கோட்டுக்குள் எனக்கு வேர்த்து ஊற்றியது. கடைசியில் உள்ளே கூப்பிட்டார்கள். பெண்ணின் தகப்பனார் ஒரு பக்கம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பேச வேண்டியவர் தாய்மாமன், பெயர் மொலெஃபி. உலர்ந்த, உயரமான மனிதர். நாற்காலியில் சாய்ந்து உட்காராதவர். ரா திரோ தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லவேண்டியதைச் சொன்னார். "உங்க வீட்டுல தண்ணி மொள்ள ஒரு சுரைக்குடுக்கை இருக்குன்னு கேள்விப்பட்டோம், அதைக் கேட்டு வந்திருக்கோம்." பெண் கேட்கிறோம் என்று இங்கே அப்படித்தான் சொல்ல வேண்டும்.

"குடுக்கை இருக்கட்டும்" என்றார் மொலெஃபி. "கொஞ்ச நேரத்துக்கு முன்னால தலைக்கு மேல ஒண்ணு போச்சே, அதுல வந்தவங்க நீங்கதானா?"

"ஆமாங்க, நாங்கதான்" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டேன்.

"அப்ப எங்க மாடு எங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

அக்கா, அவை யார் மாடு என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். வரப்போகிற சம்பந்தி நம்மைக் கேவலமாக நினைக்கக் கூடாதே என்று பெண்ணின் தகப்பனார் தூரத்துப் பட்டியிலிருந்து மந்தை முழுவதையும் ஓட்டிவந்து, நான் இறங்கினதும் என் கண்ணில் படட்டும் என்று ஓடுதளத்திலேயே நிறுத்தியிருக்கிறார். பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். பெண்ணுக்காக மாடு ஓட்டிக்கொண்டு வரவேண்டிய வீட்டார் நாம். வந்து இறங்கும் முன்பே இருந்த மாட்டையும் ஓட்டிவிட்டோம். சமையல் பக்கம் பெண்கள் சால்வையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். போனோலோ மட்டும் சிரிக்கவில்லை, அவள் கண் கலங்கியிருந்தது. ஏனென்றால் மந்தை போன திக்கில் கால்நடை வேலி இருக்கிறது. அதற்கு அப்பால் காட்டெருமை. யானைகள் அந்த வேலியை அங்கங்கே மிதித்துப் போட்டிருக்கும். அதைத் தாண்டிய மாடு தாண்டியதுதான், கோமாரி நோய்க்குப் பயந்து அதிகாரிகள் திரும்ப இந்தப் பக்கம் விடமாட்டார்கள். ஒரு குடும்பத்தின் முழுச் சொத்து அது. மொலெஃபி சுருக்கமாகச் சொன்னார். "மாடு வந்தாப் பேச்சு. வரலைன்னா, இந்த வீட்டுல குடுக்கையும் இல்ல, தண்ணியும் இல்ல."

அந்த நிமிஷம் உன் நினைப்பு வந்தது. நீ அங்கே இருந்திருந்தால் என் காதைப் பிடித்துத் திருகியிருப்பாய், நானும் குனிந்து காட்டியிருப்பேன். ஆனால் உன் தம்பி பயப்படவில்லை. எழுந்து நின்று, "விரட்டினது நான்தான், தேடிக் குடுக்கிறவனும் நானேதான். ஆனா உங்க மாடு எதுன்னு எனக்குத் தெரியாது. மாமா கூட வரணும்" என்றேன். மொலெஃபி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது நடுவுல நின்னுடாதே?" என்றார். "இதுவரைக்கும் நின்னதில்ல" என்றேன். அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

மேலே ஏறியதும் அவர் இருக்கையின் விளிம்பைப் பிடித்திருந்த பிடியில் கை நரம்பு புடைத்தது. பிறகு கீழே பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார். "அந்தா, அது எங்க செவலை. கொம்பு ஒண்ணு சாஞ்சது. அதோட அக்கா மகதான் அந்தப் புள்ளிக்காரி" என்று ஒவ்வொன்றாக உறவுமுறை சொல்ல ஆரம்பித்தார். முன்னால் போன மாடு வேலியில் யானை மிதித்த இடத்தைப் பார்த்துவிட்டது. நான் சுற்றி வளைத்து வேலிப் பக்கமிருந்து தாழ வந்தேன். "இன்னும் கீழ போங்க" என்றார். போனேன். "இன்னும் கீழ. நீங்க என்ன வாத்தியாரா, மேய்ப்பனா?" என்றார். மரத்து உச்சி சக்கரத்தில் உரசுமோ என்கிற அளவுக்குப் போனேன். மந்தை திரும்பியது. ஒரு கிடாரி மட்டும் அடம் பிடித்தது. மொலெஃபி பக்கத்துச் சின்ன ஜன்னலைத் திறந்து அதன் பெயரைச் சொல்லி வைதார், அதுவும் திரும்பியது. என் மாணவர்கள்கூட என் பேச்சை அப்படிக் கேட்டதில்லை.

மாடுகள் நேராக ஊருக்கு வந்தன. நேராக ஓடுதளத்துக்கே வந்து, காலையில் நின்ற அதே இடத்தில் நின்றன. எங்களால் இறங்க முடியவில்லை. விரட்ட எனக்குத் தைரியமில்லை. கீழே பெண்ணின் தகப்பனார் நடுவில் நின்று, தாழ வந்துவிடாதே என்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். எரிபொருள் முள் இறங்கிக்கொண்டே வந்தது. நான் கவலைப்பட்டேன், மறைக்கவில்லை. மொலெஃபி மட்டும் சாவகாசமாக, "இன்னொரு சுத்து போங்க, ஆத்துப் பக்கம் நான் பாக்கல" என்றார். கடைசியில் மா திரோ சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, குலவை போட்டபடி சமையல்கட்டுப் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு ஓடி வந்து மந்தையைப் பட்டிக்குள் ஓட்டினார். உன் இடத்தில் சரியான ஆளைத்தான் கடன் வாங்கியிருக்கிறேன். நாங்கள் இறங்கினோம். மொலெஃபி எல்லோர் முன்னாலும், "குடுக்கை உங்க வீட்டுக்குத்தான்" என்றார். புளித்த பாலும் இடித்த இறைச்சியும் சோளக் களியும் கைகொள்ளாமல் போட்டார்கள். போனோலோ எனக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள்.

ஆக, இந்தக் கல்யாணத்தைக் கெடுத்தது விமானம் என்றால், கூட்டிவைத்ததும் அதே விமானம்தான். அதை வைத்திருந்தால் நீ வரமாட்டாய் என்கிறாய். முகீபியோ, தன்னை மடியில் வைத்து வளர்த்த அத்தை முன்வரிசையில் உட்காராமல் மோதிரம் போடமாட்டேன் என்கிறான். உங்கள் இருவர் பிடிவாதமும் ஒரே குழம்பில் வெந்தது. ஆனால் நீ வருவாய் என்று எனக்குத் தெரியும். நீ விசேஷத்துக்கு உடுத்துகிற அந்த மஞ்சள் கொமேசி உடையை எடுத்துவைத்துவிட்டாய் என்று உன் மகள் எழுதியிருக்கிறாள்.

வீட்டில் சின்னவர்களுக்கு என் முத்தம், பங்குச் சாமியாருக்கு என் வணக்கம். உன் முழங்காலைப் புனித யோசேப்பு பார்த்துக்கொள்வாராக. உன் ஆசீர்வாதத்தை எதிர்பார்க்கும், விமானத்தை விற்காத,

தம்பி செம்பாலா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ரா திரோ வந்தார், அதனால் இந்தக் கடிதம் மூன்று வாரம் மேசையிலேயே கிடந்துவிட்டது. இங்கே தாய்மாமனுக்குப் போர்வை, கோட்டு, தொப்பி என்று கேட்டதைக் கொடுப்பது வழக்கம். நம் மொலெஃபி மாமா போர்வை வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். "மாடு எங்ககிட்ட நிறைய இருக்கு. அதைத் தேடத்தான் ஒண்ணு வேணும்" என்றாராம். ரா திரோ என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். முகீபி, "கொடுக்க வேண்டாம்பா, வேற ஏதாவது பேசிப்போம்" என்றான். அவன் அப்படிச் சொன்ன பிறகு என்னால் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. வெளியே போய்க் கொஞ்ச நேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்து, சரி என்றேன். ஆகவே மேலே எழுதியது அத்தனையும் உண்மை, நான் விற்கவில்லை. ஆனால் விமானம் இப்போது என்னிடம் இல்லை. நீ சொன்ன நிபந்தனையும் நிறைவேறிவிட்டது. மொலெஃபி மாமாவுக்கு இப்போது நான்தான் கற்றுக்கொடுக்கிறேன். நன்றாகப் படிக்கிறார், பாதி நேரம் கீழே மாடு பார்க்கிறார். உரிமம் கையில் கிடைத்த பிறகுதான் கல்யாணத் தேதி என்று அடம் பிடிக்கிறார், உன்னை மவுனிலிருந்து லெத்லாகாவுக்குத் தானேதான் அழைத்துப் போவாராம், சம்பந்திக்கு அது மரியாதையாம். மறுத்தால் மறுபடியும் குடுக்கை இல்லை என்றுவிடுவார், அதனால் நீ ஏறித்தான் ஆகவேண்டும். பயப்படாதே. ஓடுதளத்தில் கையில் கம்போடு மாட்டை ஓரங்கட்டிக்கொண்டு ஒருவன் நிற்பான். கண்ணைத் திறந்து பார், அது நான்தான்.