கார் நிறுத்தும் தரையில் பூத்த உப்பு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம், வாசல் தரையைத் தவிர. தங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டால் உட்கார்ந்தே படிக்கவும், விஷயம் பெரிது.

கார் நிறுத்துவதற்கு நீங்களே முன்னின்று கான்கிரீட் போட்டுக் கொடுத்தீர்கள். "கண்ணாடி மாதிரி இருக்கும் சம்பந்தி" என்று என் தோளைத் தட்டினீர்கள். காய்ந்ததும் பார்த்தால் தரை முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு. எதிர்வீட்டுக்காரர் நின்று பார்த்துவிட்டு, "என்ன சார், தரைக்குத் தேமலா?" என்று கேட்டார். மானம் போயிற்று. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். ஈரம் இருக்கும்வரை பளிச்சென்று இருந்தது, காய்ந்ததும் முன்னைவிட அதிகமாகப் பூத்தது. மறுபடி ஊற்றினேன், மறுபடி பூத்தது. உங்கள் மகளோ ஜன்னலில் நின்றபடி, "மாமா, அது சிமெண்டுல இருக்கற உப்பு. தண்ணி ஊத்த ஊத்த மேல வரும். காஞ்ச பிரஷ்ஷால தேய்ச்சா போயிடும்னு அப்பா சொன்னாரு" என்கிறாள். தரை போட்டதும் அப்பா, தீர்ப்பு சொல்வதும் அப்பா! அப்போ இந்த வீட்ல நான் யாரு, வாட்ச்மேனா? அந்த ஆத்திரத்தில் ஆசிட் வாங்கி வந்து, தண்ணீர்கூடக் கலக்காமல் ஒரு மூலையில் அப்படியே கவிழ்த்தேன். புஸ்ஸென்று நுரைத்தது. இருமி இருமிக் கண் பிதுங்கியது, பேண்ட்டில் ஓட்டை ஓட்டையாக விழுந்தது. சிமெண்ட் அரித்துப்போய்க் கல்லெல்லாம் என்னைப் பார்த்துப் பல்லிளிக்கிறது. "உங்க கோபத்தைக் கல்லுகூடத் தாங்காதுங்க" என்று என் மனைவி வேறு சிரிக்கிறாள்.

உடனே ஆளோடு வந்து மொத்தத்தையும் பெயர்த்துப் போடுங்கள். இல்லையேல் பேரன் பிறந்தநாளுக்கு நாம் ஒரே வரிசையில் உட்காரப்போவதில்லை. சொன்னால் சொன்னதுதான்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

இப்படிக்கு,
கொதித்துப்போயிருக்கும் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது வாசலில் பரபரவென்று சத்தம். போய்ப் பார்த்தால் மாமியாரும் மருமகளும் காய்ந்த பிரஷ்ஷால் தரையைத் தேய்த்து முடித்துவிட்டார்கள். எங்கும் ஒரு பொட்டு வெள்ளை இல்லை, நான் ஆசிட் ஊற்றிய மூலை மட்டும்தான் இன்னும் பல்லிளிக்கிறது. ஆகவே ஆள் வேண்டாம். அந்த மூலையைப் பூச நீங்கள் மட்டும் வந்தால் போதும், சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அதற்கு முன்னால் உங்கள் மகளிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இனி நான் தண்ணீர் ஊற்றக் கூடாதென்று வாளியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாள். நான் இன்னும் குளிக்கவில்லை.